எம்.எல்.ஏ. சுமந்துபோகும் பாப்பா

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா அப்பத்தா என்று பேத்தி பவித்ரா கேட்டாள். கோவாவுக்குப் போனவர்கள் குளித்த தண்ணீரைப் பற்றி எழுதுகிறார்கள், நான் இதை எழுதக்கூடாதா? ஆண்டாள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுத் துட்டிக்கும் அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். தாலுகா ஆபீஸ் தெருவுக்குள் மட்டும் போனதில்லை. அங்கே என் வீட்டுக்காரரின் தங்கை செல்லத்தாய் இருக்கிறாள். அவளோடு நான் பேசி ஐம்பத்து நாலு வருஷம் ஆகிறது.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன், பவித்ரா கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். எழுத்துப்பிழை இருந்தால் அது அவளுடையது.

போனதற்குக் காரணமும் பவித்ராதான். குரூப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். ஐப்பசி முதல் வாரம், சாயங்காலம், நான் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவள் கூடத்தில் ஜனாதிபதித் தேர்தலை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஜனாதிபதியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிற எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலும் ஜெயித்து வந்தவர்கள் மட்டும். நியமன உறுப்பினர்களுக்கு அந்த ஓட்டு கிடையாது. இதுவரைக்கும் எனக்கும் அரைகுறையாகத் தெரியும். அப்புறம் சொன்னாள்: எம்.எல்.ஏ.வின் ஓட்டு ஒரு ஓட்டு இல்லை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒவ்வொருவர் ஓட்டுக்கும் மதிப்பு நூற்று எழுபத்தாறு. மாநிலத்தின் ஜனத்தொகையை மொத்த எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் அது. உத்தரப்பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு இருநூற்று எட்டு, சிக்கிம்காரருக்கு வெறும் ஏழு.

"எந்த வருஷத்து ஜனத்தொகைட்டி?" என்று உள்ளிருந்தே கேட்டேன்.

"எழுபத்தொண்ணு அப்பத்தா."

"போன கணக்கு இல்லையா?"

"இல்ல. சட்டத்துல நிப்பாட்டி வச்சிருக்காக. ரெண்டாயிரத்து இருபத்தாறுக்குப் பொறவு எடுக்கிற மொதக் கணக்கு வெளிய வார வரைக்கும் எழுபத்தொண்ணுல இருந்த தலைங்கதான்."

கீரையை அப்படியே வைத்துவிட்டேன்.

எழுபத்தொன்றில் எங்கள் வீட்டில் ஒரு தலை கூடுதலாக இருந்தது. என் மூத்த பிள்ளை. மூன்று மாதம் இருந்தாள், பேர் வைக்கவில்லை. காது குத்தும்போது வைத்துக்கொள்ளலாம் என்று மாமியார் தள்ளிப்போட்டார். (மாமியார்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) பங்குனி மாதம், மார்ச் முடிய நாலு நாள் இருக்கும்போது காய்ச்சல் கண்டு ஒரே பகலில் போய்விட்டாள். வீட்டில் பிறந்தவள், எந்த ஆபீசிலும் பதிவு இல்லை. போட்டோ கிடையாது. புதைத்த இடத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது, கீழே செருப்புக் கடை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதற்கு என் வாயைத் தவிர இந்த உலகத்தில் அத்தாட்சி இல்லை.

அவள் போன ஒரு வாரத்துக்குள் ஜனத்தொகை கணக்கெடுக்கும் வாத்தியார் எங்கள் வாசலுக்கு மறுபடியும் வந்தார். நான் உள் அறையில் பால் கட்டி, மாரில் துணி சுற்றிக்கொண்டு படுத்திருந்தேன். வாசலில் செல்லத்தாய் நின்றாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. "வீட்டுல பிறப்பு இறப்பு உண்டா?" என்று வாத்தியார் கேட்டது எனக்குக் கேட்டது. அவள் பதில் சொன்னதும் கேட்டது.

"எங்க வீட்ல யாரும் சாகலை சார்."

ஒரு எறும்பு செத்திருந்தால்கூட இதைவிட யோசித்துப் பதில் சொல்லியிருப்பாள் என்று அன்று நினைத்தேன். அன்றோடு அவளிடம் பேச்சை விட்டேன். இப்போது பவித்ரா சொன்னதைக் கேட்டதும் வேறு ஒன்று உறைத்தது. யாரும் சாகவில்லை என்று அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னாளே, ஒருவேளை முதலிலேயே பாப்பாவை எழுதவில்லையோ? எழுதாத தலையைக் குறைக்க வேண்டியதில்லையே? எழுதியிருந்தால், இத்தனை வருஷம் ஒவ்வொரு ஜனாதிபதி தேர்தலிலும் அவள் எம்.எல்.ஏ. கையில் போயிருப்பாள். எழுதாவிட்டால், அவள் எங்கேயுமே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூட எனக்கு மனசில்லை. அந்தக் காலத்துக் கணக்குத் தாள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை 8.40க்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றேன். தனியாகத்தான். மகனிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் 8.55க்கு வந்தது. இலவசம் என்பதால் கண்டக்டர் நம்மை மனுஷியாக மதிப்பார் என்று நினைக்க வேண்டாம். "ஓசி டிக்கெட்டெல்லாம் பின்னால போங்க" என்றார் இந்தக் கண்டக்டர். மீசைக்குச் சாயம், இடது கையில் செம்புக் காப்பு. எனக்கு முகம் மறக்காது. முழங்கால் வலிக்காரர்கள் காசு கொடுத்து வெளியூர் பஸ்ஸில் உட்கார்ந்து போவது நல்லது.

மழை தூறிக்கொண்டிருந்தது. இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் வழி நெடுக மலை தெரியும் என்பார்கள். அன்று மலையே இல்லை. மேகம் வயல் வரைக்கும் இறங்கிவிட்டது. மில்களின் சுவர், தென்னந்தோப்பு, புது ரோட்டுக்காக வெட்டிப்போட்ட செம்மண்ணில் தேங்கிய தண்ணீர், இவ்வளவுதான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா வத்திராயிருப்புக்குத் துட்டிக்குப் போகிறவள். யாருக்கு என்றேன். "கொழுந்தன் மகனுக்கு, சின்ன வயசு" என்றாள். 9.35க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட். கோபுரத்தின் மேல்பாதியும் மேகத்துக்குள் இருந்தது.

தாலுகா ஆபீசுக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய் என்றார்கள். நாற்பதுக்குப் பேசினேன். ஓட்டுகிறவருக்கு நாற்பது வயது இருக்கும், வாய் ஓயாத ஆள்.

"என்ன ஆச்சி, முதியோர் பென்சனா?"

"இல்லப்பா. ஜனாதிபதி தேர்தல் விஷயமா."

அவர் வண்டியையே நிறுத்திவிட்டார். "நீங்க நிக்குதியளா?"

நான் விவரம் சொன்னேன். நம்ம எம்.எல்.ஏ. மெட்ராஸில் கோட்டைக்குப் போய் இளஞ்சிவப்புச் சீட்டில் ஓட்டுப் போடுவார். முத்திரை குத்துவது இல்லை. நிற்கிறவர்கள் பேருக்கு நேராக ஒண்ணு, ரெண்டு என்று பிடித்த வரிசையில் நம்பர் போட வேண்டும். அதற்கு அவர்கள் கொடுக்கும் பேனாவில்தான் எழுத வேண்டும், சொந்தப் பேனா கூடாது. இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்று கட்சி உத்தரவு போட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. ரகசிய ஓட்டு. அவர் போடுகிற அந்த ஒரு சீட்டை நூற்று எழுபத்தாறாக எண்ணுவார்கள். எம்.பி.க்கு அதைவிடக் கூட, போன தடவை எழுநூறு.

"ஒத்த ஆளுக்கு நூத்தி எழுவத்தாறா! எங்க தெருவுல ஒருத்தன் அண்ணன் ஓட்டையும் சேத்துப் போடப் போயி, மத்தியானம் வரைக்கும் ஸ்கூல்ல உக்கார வச்சுட்டாக ஆச்சி."

"இவரு போடுதது நம்ம தலைங்களை வச்சுப்பா. ஆயிரம் தலைக்கு ஒரு ஓட்டு."

"எந்தலையும் இருக்கா அதுல?"

"நீ எப்பப் பொறந்த?"

"எம்பத்து மூணு."

"அப்ப இல்ல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மழையிலும் வெயிலிலும் நின்று ஓட்டுப் போட்டேனே, என்னை எண்ணவே இல்லையா என்று கேட்டார். நீ போட்ட ஓட்டால் எம்.எல்.ஏ. யார் என்பது முடிவாகும், அவர் கையில் போகும் கனம் மட்டும் பழைய ஆட்களுடையது என்றேன். அவர் ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. இறங்கும்போது ஐம்பது ரூபாய்த் தாளுக்குப் பத்து ரூபாய் பாக்கி கேட்டேன், சில்லறை இல்லை என்றார். அவர் முகமும் ஞாபகம் இருக்கிறது.

ஆபீசில் 10.10லிருந்து 11.25 வரை பெஞ்சில் இருந்தேன். ஒரு இளம் பெண் அதிகாரி கூப்பிட்டு உட்காரவைத்தாள். இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், பொறுமையாகக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, தனித்தனி ஆளுங்களைப் பத்தி எழுதுன தாளை யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. எழுவத்தொண்ணாம் வருஷத்துத் தாளு இங்க இருக்கவும் செய்யாது."

"எழுதியிருப்பாங்களான்னு மட்டும் சொல்லுத்தா."

"அப்போ ரெண்டு தடவை வருவாங்கம்மா. மார்ச்சுல வந்து எல்லாரையும் எழுதுவாங்க. ஏப்ரல் ஒண்ணாம் தேதி விடியும்போது யார் உயிரோட இருக்காங்களோ அவங்கதான் கணக்கு. அதனால மறுபடி வந்து, நடுவுல பிறந்தவங்களைச் சேப்பாங்க. தவறிப்போனவங்களை..." என்று நிறுத்தினாள்.

"அடிச்சிருவாக."

"ஆமாம்மா."

மார்ச் முடிய நாலு நாள் என்று கணக்குப் பார்த்தேன். தெருவுக்கே தெரிந்த சாவு, செல்லத்தாய் என்ன சொல்லியிருந்தாலும் வாத்தியார் அடித்திருப்பார். ஆக எப்படிப் பார்த்தாலும் இல்லை. அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். வெளியே மழை வலுத்திருந்தது.

ஆபீசுக்கு எதிரே வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். மூன்றாவது கடை செல்லத்தாயின் மகன் முருகேசனுடையது. அவளும் அங்கேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பேசாவிட்டாலும் எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். ரோட்டைத் தாண்டினேன்.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. தலை முழுக்க வெள்ளை. அவள் அண்ணன் சாவில் பார்த்ததைவிடப் பாதியாகியிருந்தாள்.

"என்ன மதினி, தடம் மாறி வந்துட்டியளா? கோயில் அந்தப் பக்கம்."

"ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்கணும்" என்றேன். வேறு என்ன சொல்ல.

"ஏலே முருகேசா, அத்தைக்கு ஒரு ஜெராக்ஸ் போடு. ரெண்டு பக்கமும் போடு. ரெண்டு ரூவா வாங்கிக்கோ. சும்மா குடுத்தா வேண்டாம்பாக."

முருகேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினைப் போட்டான். நான் ரெண்டு ரூபாயை மேஜையில் வைத்தேன். ஜெராக்ஸ் வந்தது. அதை மடித்துப் பையில் வைத்தேன். மழை விட்டபாடில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு வாசல்ல வாத்தியார்கிட்ட என்னட்டி சொன்ன?"

எந்த வாத்தியார், எந்த அன்னைக்கு என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"யாரும் சாகலைன்னு சொன்னேன்."

"மொத தடவை வந்தப்ப பாப்பாவ எழுதுனாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"எழுதுனாரு. நான்தான் சொன்னேன். அம்மா கிணத்தடிக்குப் போயிருந்தா, நீங்க உள்ள பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்திய. பேரு என்னன்னாரு. வைக்கலை சார்னேன். பாப்பான்னு போட்டாரு. வயசுக்கு ஒரு முட்டையப் போட்டாரு. எங்க கிளாஸ் கணக்கு வாத்தியாருல்லா அவரு. என்ன சார், எனக்குப் போடுத மாரி அவளுக்கும் முட்டை போடுதியன்னு கேட்டேன். சிரிச்சாரு."

"பொறவு?"

"பொறவு ரெண்டாந்தடவை வந்தாரு. எதுத்த வீட்டுக்குப் போயிட்டுத்தான் நம்ம வீட்டுக்கு வந்தாரு. அங்க தாத்தா செத்துப்போயிருந்தாருல்ல. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். தாத்தா பேரு மேல ஸ்கேல வச்சு சிவப்பு மையில ஒரே கோடு. எங்க நோட்டுல தப்புக்கு அடிப்பாருல்ல, அதே கோடு. நம்ம வாசலுக்கு வந்து, அதே பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டுக் கேக்காரு, பிறப்பு இறப்பு உண்டான்னு." அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவ என்ன தப்பாக் கணக்குப் போட்டா? அவளுக்குப் போயி கோடு போடுவாரா? யாரும் சாகலை சார்னுட்டேன்."

"அவரு நம்பிட்டாரா?"

"தெரு முழுக்கத் தெரியுமே மதினி. அவருக்குத் தெரியாதா? என்னையவே செத்த நேரம் பாத்தாரு. பொறவு பேனாவ மூடிட்டாரு."

முருகேசன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இதை அப்பவே சொல்ல உனக்கு என்னட்டி கேடு?"

"நீங்க பேசுனாத்தானே! நான் ரூமுக்குள்ள வந்தா சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிடுவிய. என் கல்யாணத்துல ஒரு வாய் சாப்பிடாம போனிய. பந்தியில உங்க இலை அப்படியே கெடந்தது, நான் மணவறைல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அம்புட்டும் எனக்கும் ஞாபகம் இருக்கு. உங்களுக்கு மட்டுந்தான் ஞாபகம் உண்டுன்னு நெனைச்சியளா?"

அந்த இலையில் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது. முருகேசன் மூன்று டீ வாங்கிவந்தான். ஒன்று பதினைந்து ரூபாய், தண்ணீராக இருந்தது. குடித்துக்கொண்டே நூற்று எழுபத்தாறு விஷயத்தை அவளுக்குச் சொன்னேன். முதலிலிருந்து ஒருமுறை, பாதியிலிருந்து ஒருமுறை. அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"அப்ப நம்ம பாப்பா ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுதாளா?"

"அவ போடல. அவள வச்சு எம்.எல்.ஏ. போடுதாரு."

"இம்புட்டு வருஷமாவா?"

"இம்புட்டு வருஷமாத்தான்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ரெண்டு பேர் வெளியே மழையில் நின்றுகொண்டே இருந்தார்கள். சமாதானம் ஆகிவிட்டோமா என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். ஐம்பத்து நாலு வருஷத்தை ஒரு டீயில் கரைக்க முடியாது. கிளம்பும்போது வாரேன் என்று சொன்னேன், அவ்வளவுதான். கோயிலுக்குப் போகவில்லை. 1.20 பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்தேன்.

இதேபோல் பழைய கணக்குத் தேடிப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆபீசில் தாள் கிடைக்காது, அந்த நம்பிக்கையில் போகாதீர்கள். அந்த நாளில் வாசலில் நின்றவர் உயிரோடு இருந்தால் அவரிடம் போங்கள், சண்டை இருந்தாலும் போங்கள். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், வேறு நாள் பாருங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், குடை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆன மொத்தச் செலவு ஆட்டோவுக்கு ஐம்பது, ஜெராக்ஸுக்கு ரெண்டு. அடுத்த கணக்குக்கு ஆள் வரும்போது வாசலுக்கு நீங்களே எழுந்து போங்கள். பிள்ளை பிறந்தால் பேரை அன்றைக்கே வையுங்கள்.

புதுக் கணக்கு வெளியே வந்துவிட்டால் எழுபத்தொன்றாம் வருஷத்துத் தலைகளை இறக்கிவைத்துவிடுவார்கள். அதற்குள் இன்னும் ஒரு ஜனாதிபதியோ ரெண்டு ஜனாதிபதியோ. அதோடு பாப்பாவின் வேலை முடிந்தது. அதைப் பார்க்க நான் இருப்பேனோ என்னவோ.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் பவித்ராவை அந்த வகுத்தலைக் காகிதத்தில் போட்டுக் காட்டச் சொன்னேன். அப்போது தமிழ்நாட்டில் நாலு கோடியே பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேரை எண்ணியிருக்கிறார்கள். இருநூற்று முப்பத்து நாலு எம்.எல்.ஏ.க்களுக்குப் பங்கு வைத்தால் ஒருவருக்கு ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரத்து அறுபத்து நாலு தலை. ஆயிரத்துக்கு ஒரு ஓட்டு வீதம் நூற்று எழுபத்தாறு. மீதி?

"மீதி அறுபத்து நாலு அப்பத்தா. ஐநூறுக்குக் கீழ இருந்தா தள்ளிரணும்னு விதி."

"தள்ளிரணும்னா?"

"கணக்குல சேராது."

அந்த அறுபத்து நாலு பேர் யார் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். பேர் வைக்காத பிள்ளையை, வயசுக்கு முட்டை போட்ட பிள்ளையை, தள்ளுவதென்றால் முதலில் தள்ள மாட்டார்களா? பவித்ரா அப்படியெல்லாம் ஆள் பார்த்துத் தள்ளுவதில்லை என்கிறாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, அவள் சொல்வது சரியாக இருக்கும். எனக்குத்தான் தூக்கம் இல்லை.

முருகேசா, நீ போனில் இதையெல்லாம் படிக்கிறவன் என்று தெரியும். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால், மேலே டீ குடித்ததோடு நிறுத்திக்கொள். மீதி எத்தனை என்று அவள் கேட்டால், யாரும் விட்டுப்போகவில்லை என்று சொல்லிவிடு.